அழிக்க ஒரு க்ளிக்

இன்ஸ்பெக்டர் நாலு மணிக்கு வருகிறார். இப்போது இரண்டே கால். நடுவில் இருக்கிற நேரத்துக்குள், பொய் சொல்வது ஒரு பெண்ணா, ஒரு கம்ப்யூட்டரா என்று கண்டுபிடித்தாக வேண்டும்.

"கம்ப்யூட்டருக்கு வாய் கிடையாது மேடம். அதான் ஆளாளுக்கு தைரியமா அதுமேல பளி போடுறாங்க" என்றான் பிளேடு, மூச்சு வாங்கப் படி ஏறிக்கொண்டே.

பழி என்று சொல்ல அவனுக்கு வராது. ழகரம் வரவேண்டிய இடத்திலெல்லாம் ளகரம்தான் வந்து நிற்கும். அதைத் திருத்துகிற வேலையைப் புரூஃப் மேடம் ஆறு வருஷத்துக்கு முன்பே விட்டுவிட்டாள். ஒரு தினசரியில் பதினோரு வருஷம் பிழை திருத்திய பொம்பளை, அலுத்துப்போய் துப்பறியும் தொழிலுக்கு வந்தவள். ஆதாரம் கையில் இல்லாமல் வாயைத் திறக்க மாட்டாள். ஆகவே புரூஃப் என்கிற பட்டம் அவளுக்கு இரண்டு விதத்திலும் பொருந்திப் போனது. அவளுடைய உதவியாளன் பிளேடுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிஷம் பக்கத்தில் நின்றால் போதும், கழுத்து தானாக வலிக்கும்.

"லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனி. அவங்க ஆபீசுக்கே மூணு மாடி நடந்து ஏறணும். டாக்டர் வீட்ல தலைவலி மாத்திரை இல்லாத கதை."

"விபத்துக்கு அப்புறம் நிறுத்தி வெச்சிருக்காங்க. மூச்சை மிச்சம் பிடி. வேலை இருக்கு" என்றாள் புரூஃப் மேடம்.

வரவேற்பு மேஜையில் ஒரு பெண் போனில் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தாள். "அந்த மூணாவது ரிப்போர்ட்டை அளிச்சாச்சா இல்லையா? ... காலையிலேயே அளிச்சாச்சா? சரி சரி."

பிளேடு மேடத்தின் காதருகே குனிந்தான். "கேட்டீங்களா? ஒரு அம்மா அளிச்சதுக்கு நம்மளைக் கூப்பிட்டிருக்காங்க. இங்க ஆபீசே சேர்ந்து அளிக்குது!"

மேடம் நின்றாள். அந்தப் பெண்ணை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பிறகு முதலாளியம்மாவின் அறைக் கதவைத் தட்டினாள்.

முதலாளியம்மாவுக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். தலை முழுக்க நரை, கண்ணுக்குக் கீழே தூங்காத கறுப்பு. உட்காருங்கள் என்றுகூடச் சொல்லத் தோன்றாமல் நேரே விஷயத்துக்கு வந்துவிட்டார்.

"எட்டு நாள் முன்னாடி ஒரு அடுக்குமாடியில நாங்க பார்த்துக்கிற லிஃப்ட் கயிறு அறுந்து விழுந்துடுச்சு. உள்ள இருந்த நர்ஸம்மாவுக்கு ரெண்டு காலும் போச்சு. அந்தக் கட்டடத்துக்குப் போற மெக்கானிக், எங்க கம்ப்யூட்டர் ஆபரேட்டரோட கூடப்பிறந்த தம்பி. கயிறு நைஞ்சிருக்குன்னு மூணு தடவை எழுதிக் குடுத்தேன்னு அவன் சொல்றான். ஒரு தடவைகூட எழுதலைன்னு மேனேஜர் சொல்றார்."

"எழுதின பேப்பர்?"

"மெக்கானிக் எழுதுற ரிப்போர்ட்டை ஸ்கேன் பண்ணி கம்ப்யூட்டர்ல ஏத்திட்டுப் பேப்பரைக் கிழிச்சுடுவோம். இடம் இல்ல. அந்தக் கட்டடத்தோட முப்பத்தாறு ரிப்போர்ட்டையும் நேத்து சாயங்காலத்துக்குள்ள அரசாங்க லிஃப்ட் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பச் சொல்லியிருந்தாங்க. அஞ்சு மணிக்கு ஆபரேட்டர் உட்கார்ந்தா. அஞ்சு பத்துக்குப் பார்த்தா ஒண்ணுமில்ல. போகவேண்டிய இடத்துக்கும் போகல, இங்கயும் இல்ல. தம்பியைக் காப்பாத்த இவளே துடைச்சுட்டான்னு மேனேஜர் எழுதிக் குடுத்துட்டார். தம்பி நேத்து ராத்திரியிலேர்ந்து ஸ்டேஷன்ல இருக்கான். நாலு மணிக்கு இவளையும் கூட்டிட்டுப் போக வர்றாங்க." முதலாளியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டார். "பதினாலு வருஷமா எங்கிட்ட இருக்கா. என்னால நம்பவும் முடியல, நம்பாம இருக்கவும் முடியல."

அப்போது கதவு திறந்தது. மேனேஜர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, வாரிய தலை. அதையெல்லாம் விட ஆளை நிமிர வைத்தது அவருடைய குரல்.

"வணக்கம். வாருங்கள். தாங்கள் வருவதாக அம்மா சொன்னார்கள்."

கம்பெனி ஆண்டு விழாவில் மைக் பிடிப்பது இவர்தான் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"வெளிய செம மளை சார். தொப்பலா நனைஞ்சுட்டோம்" என்றான் பிளேடு, சட்டை நுனியைப் பிழிந்தபடி.

"மழை" என்றார் மேனேஜர், புன்னகை மாறாமல். "நாக்கைக் கொஞ்சம் மேல மடக்கணும் தம்பி. ம...ழை. நம்ம மொழிக்கே அழகு அந்த எழுத்துதான்."

"நம்ம நாக்கு மடங்காது சார். பொறந்ததுலேர்ந்து யாருக்கும் வளைஞ்சு குடுக்காத நாக்கு."

"பழகினா வரும். காதால கவனிச்சுக் கேக்கணும். அளவு வேற, அழகு வேற. எனக்கெல்லாம் யார் தப்பா சொன்னாலும் காதுல முள்ளு குத்தின மாதிரி இருக்கும்."

புரூஃப் மேடம் அவர் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தைக் கையில் எடுத்துப் படித்தாள். 'வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஆபரேட்டர் தொலைபேசியில் முதலாளி அம்மாவிடம், எல்லாத்தையும் அழிச்சிட்டேன் என்று கூறியதை என் இரண்டு காதாலும் கேட்டேன்.' ஒரு எழுத்துப் பிழை கிடையாது.

"எவ்வளவு தூரத்துல நின்னீங்க?"

"அடுத்த மேஜை. ரெண்டு அடிகூட இருக்காது. தெளிவா விழுந்தது."

"போன்ல கேட்ட நீங்க என்னம்மா சொல்றீங்க?"

முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினார். "நான் கார்ல வந்துட்டிருந்தேன். ஒரே கரகரப்பு. 'ச்சிட்டேன்'னு கடைசிதான் கேட்டுச்சு."

ஆபரேட்டர் ரெக்கார்டு அறையில், தன் நாற்காலியில் உட்காராமல் ஒரு ஸ்டூலில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயசு இருக்கும். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது. அவளைப் பார்த்ததும் பிளேடுக்கு மனசு கேட்கவில்லை. இந்த அக்கா அழித்திருந்தால்தான் என்ன, என் அக்கா எனக்காக இதைவிடப் பெரிய காரியம் எல்லாம் செய்திருக்கிறாளே என்று உள்ளுக்குள் அவள் பக்கம் சாய்ந்துவிட்டான். துப்பறிகிறவன் அப்படிச் சாயக்கூடாதுதான். மனசு கேட்டால்தானே!

"இது நடந்தது என்னைக்கும்மா?" என்று கேட்டாள் புரூஃப் மேடம்.

பிளேடுக்கு ஆச்சரியம். அதைத்தான் வந்ததிலிருந்து எல்லோரும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களே?

"நேத்து மேடம். வெள்ளிக்கிழமை."

"இன்னொரு தடவை சொல்லு."

"வெள்ளிக்கிழமை."

"ம். இப்ப கம்ப்யூட்டரைக் காட்டு."

திரையில் ஐந்தே ஐந்து ஐகான்கள் இருந்தன. பெரிது பெரிதான படங்கள், அடியில் ஒற்றைச் சொல்லில் பெயர். திற. தேடு. அச்சிடு. அளி. அழி.

"முதலாளியம்மாவுக்கு இங்கிலீஷ் பட்டன் பார்த்தாலே தலை சுத்தும்" என்றாள் ஆபரேட்டர். "அதனால நான்தான் எல்லாத்துக்கும் ஷார்ட்கட் போட்டு, பேரைத் தமிழ்ல மாத்தி, படத்தையும் மாத்தி வெச்சேன். வலது பக்கம் க்ளிக் பண்ணி ப்ராப்பர்ட்டீஸ் போனா எல்லாம் மாத்திக்கலாம். கடிதம் வைக்கிற உறை படம் போட்டிருக்கே, அது 'அளி'. ஃபோல்டர்ல இருக்கறதை மொத்தமா பாதுகாப்பு அலுவலகத்துக்கு அனுப்பிட்டு ஃபோல்டரைக் காலி பண்ணிடும். துடைப்பம் படம் 'அழி'. யாருக்கும் அனுப்பாது. இருக்கறதை அப்படியே துடைச்சிடும். குப்பைத்தொட்டிக்குக்கூடப் போகாது, திரும்ப எடுக்கவே முடியாது."

"ரெண்டும் ஃபோல்டரைக் காலி பண்ணும்?"

"ஆமா மேடம். அதான் நேத்து காலியானதும் போயிடுச்சுன்னு நினைச்சேன். நான் உறையைத்தான் தட்டினேன். என் தம்பி மேல சத்தியமா உறையைத்தான் தட்டினேன்!"

"தட்டினதும் என்ன வந்துது?"

"ஒண்ணும் வரல. எப்பவும் ஒரு கறுப்புக் கட்டம் வரும், அதுல எழுத்தெழுத்தா ஓடும். நேத்து அது வரல. மெஷின் மந்தமா இருக்குன்னு விட்டுட்டேன்."

புரூஃப் மேடம் ஒரு வெற்றுக் காகிதத்தை ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போடச் சொன்னாள். மவுஸைத் தன் கைக்கு வாங்கி, உறையின் மேல் இரண்டு தட்டு தட்டினாள்.

ஃபோல்டர் காலியானது. அரை நிமிஷத்தில் பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. 'ஒரு கோப்பு பெறப்பட்டது.'

"பார்த்தீங்களா?" வாசலில் மேனேஜரின் குரல். எப்போது வந்து நின்றாரோ தெரியாது. "ஒழுங்கா வேலை செய்யுது. நேத்து மட்டும் எப்படித் தவறும்? எனக்கு இந்தம்மா மேல கோபம் இல்ல. தம்பிப் பாசம் கண்ணை மறைச்சிடுச்சு, அவ்வளவுதான்."

அவர் நிதானமாக நடந்து போனார். ஆபரேட்டர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். பிளேடு கணக்குப் போட்டான். ஐகான் சரியாக இருக்கிறது என்றால், இந்த அக்கா சொன்னது பொய். அவ்வளவுதான், முடிந்தது கதை.

"மேடம், கிளம்பலாமா? இன்ஸ்பெக்டர் முகத்துல முளிக்க வேணாம்."

"கறுப்புக் கட்டம் எங்கடா?" என்றாள் புரூஃப் மேடம்.

"என்னது?"

"எப்பவும் வரும்னு சொன்னாங்களே, இப்ப நான் தட்டினேனே, வந்துதா?"

வரவில்லை. 

மேடம் உறைப் படத்தில் வலது க்ளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்தாள். எதைத் திறக்க வேண்டும் என்கிற வரி சரியாக இருந்தது. படம் சரி. அதற்குக் கீழே, ஜன்னல் எப்படித் திறக்க வேண்டும் என்கிற இடத்தில், 'சுருக்கி' என்று இருந்தது. மற்ற நாலு ஐகானையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். நாலிலும் 'சாதாரணம்'.

"நீ மாத்தினியாம்மா?"

"இல்லவே இல்ல. கட்டம் வந்தாத்தானே வேலை நடக்குதுன்னு தெரியும்? அதை யாராவது மறைப்பாங்களா?"

"மறைக்கணும்னு நினைக்கிறவங்க மறைப்பாங்க. துடைப்பத்துக்குள்ள இருந்த வரியை எடுத்து உறைக்குள்ள போட்டா, உறையைத் தட்டினாலும் துடைக்கும். ஆனா கறுப்புக் கட்டத்துல எழுத்து ஓடும்போது நீ கண்டுபிடிச்சிருவே. அதனால கட்டத்தைச் சுருக்கியாச்சு. வேலை முடிஞ்சதும் வந்து வரியைப் பழையபடி மாத்தியாச்சு. கட்டத்தை மட்டும் மறந்தாச்சு." மேடம் இன்னொரு பக்கத்தைத் திறந்தாள். "இந்த ஷார்ட்கட்டைக் கடைசியா மாத்தின நேரம், வெள்ளி மாலை அஞ்சு நாப்பத்திரண்டு. நேத்து நீ எத்தனை மணிக்கு வெளிய போனே?"

ஆபரேட்டர் எழுந்தே விட்டாள். "அஞ்சே கால் மேடம்! செக்யூரிட்டி என் கையைப் பிடிக்காத குறையா வெளிய கூட்டிட்டுப் போனார். கம்ப்யூட்டரை மூடக்கூட விடல!"

"அப்புறம் யார் யார் ஆபீஸ்ல இருந்தாங்க?"

"முதலாளியம்மா வந்துட்டாங்க. மேனேஜர், ரெண்டு மெக்கானிக், ரிசப்ஷன் பொண்ணு, செக்யூரிட்டி."

"ஆறு பேர்" என்றான் பிளேடு. "மணி மூணு. ஆளுக்குப் பத்து நிமிசம்னாலும் இன்ஸ்பெக்டர் ஜீப்பை விட்டு இறங்கிடுவார்."

புரூஃப் மேடம் அவனைத் தாழ்வாரத்துக்கு இழுத்து வந்தாள். தாழ்வாரத்தின் கோடியில் ரிசப்ஷன் பெண் மறுபடியும் போனில் "அளிச்சாச்சா?" என்று யாரையோ பிடுங்கிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு என்ன சொல்றா?"

"அளிச்சாச்சான்னு கேக்கறா. அதாவது, துடைச்சாச்சான்னு."

"உன் காதுக்கு அப்படி. வாயும் காதும் உனக்கு ஒரே கணக்கு. அவ கேக்கறது 'அளி'. உறைப் படம். அனுப்பியாச்சான்னு கேக்கறதுக்கு இந்த ஆபீஸ்ல 'அளிச்சாச்சா'ன்னு சொல்லிப் பழகிட்டாங்க. வெளிய யாரும் அப்படிப் பேச மாட்டாங்க. ஐகானுக்கு வெச்ச பேர் இங்க பேச்சாயிடுச்சு."

பிளேடு நெற்றியில் அடித்துக்கொண்டான். "அப்ப நேத்து அந்த அக்கா போன்ல சொன்னது..."

"எல்லாத்தையும் அளிச்சிட்டேன். அனுப்பிட்டேன்னு அர்த்தம்."

"சரி, மேனேஜர் தப்பாக் காதுல வாங்கிட்டார். ஒரு எளுத்து மாறிப்போச்சு. நான் தினமும் செய்யற தப்புதானே?"

"நீ செய்யலாம். ரெண்டும் உனக்கு ஒண்ணுதான். அந்த அக்காவை ரெண்டு தடவை 'வெள்ளிக்கிழமை' சொல்ல வெச்சேனே, எதுக்கு? ஒரே வார்த்தையில ள-வும் இருக்கு, ழ-வும் இருக்கு. ரெண்டையும் பளிச்சுனு பிரிச்சுச் சொன்னா. அவ 'அளிச்சிட்டேன்'னு சொன்னா அது 'அளிச்சிட்டேன்'தான். அதை ரெண்டடி தூரத்துல நின்னு கேட்டவர் யாரு?"

பிளேடுக்கு அப்போதுதான் உறைத்தது. தன்னுடைய 'மளை'யையே பொறுக்காமல் திருத்திய காது. யார் தப்பாகச் சொன்னாலும் முள் குத்துகிற காது. ஊரில் எவன் வேண்டுமானாலும் அந்த எழுத்தைத் தவறாகக் கேட்கலாம், இந்த ஒரு மனுஷன் கேட்க முடியாது. அப்படியானால் அவர் தவறாகக் கேட்கவில்லை. தெரிந்தே மாற்றி எழுதியிருக்கிறார்.

"அட கிராதகா!" என்றான்.

"மெதுவா. காதைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டர் மேஜையில சாட்சியா வைக்க முடியாது. அவரே வந்து கையை வைக்கணும்." மேடம் கடிகாரத்தைப் பார்த்தாள். "உனக்கு ஷார்ட்கட் மாத்தத் தெரியுமில்ல?"

மூன்று ஐம்பதுக்கு, முதலாளியம்மாவின் அறை வாசலில் நின்றுகொண்டு, ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி புரூஃப் மேடம் சொன்னாள். "கிடைச்சிடுச்சும்மா! ஸ்கேனர் மெஷினுக்குள்ளயே ஒரு நகல் தங்கியிருந்துது. முப்பத்தாறும் அப்படியே இருக்கு. ஃபோல்டர்ல போட்டு வெச்சிருக்கோம். இன்ஸ்பெக்டர் கண் முன்னாடியே திறந்து பார்த்துட்டு அனுப்பிடலாம். வாங்க, எல்லாரும் கீழே போய் அவரை அழைச்சிட்டு வருவோம்."

நாற்காலிகள் நகர்ந்தன. செருப்புகள் படியிறங்கின. "நீங்க முன்னாடி போங்க, ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று மேனேஜரின் குரல் கேட்டது.

ரெக்கார்டு அறையில் இரும்பு அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே பிளேடு நெருக்கிக்கொண்டு நின்றிருந்தான். மூக்குக்கு நேரே கிரீஸ் வாடை வீசும் கயிற்றுச் சுருள் ஒன்று தொங்கியது. தும்மல் வரும்போல் இருந்தது. வந்தால் தொலைந்தோம். மூக்கை இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கதவு மெல்லத் திறந்து மெல்ல மூடியது.

மேனேஜர் உட்காரவில்லை. நின்றபடியே மவுஸைப் பிடித்தார். ஃபோல்டரைத் திறந்தார். தேதி தேதியாக முப்பத்தாறு கோப்பு. அவருடைய உதடு எண்ணுவது தெரிந்தது. நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தார். கீழே வாசலில் ஜீப் ஹாரன் கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது அவருக்கு. ஒரு கோப்பைத் திறந்து பார்க்கிற பொறுமைகூட இல்லை. மவுஸ் அம்பு நேரே துடைப்பத்துக்குப் போனது. தட், தட்.

"அன்பு நெஞ்சங்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்!"

ஸ்பீக்கரில் முழு சத்தத்தில் அவருடைய குரலே முழங்கியது. ஆண்டு விழாவில் பேசிய பேச்சு. அதே கம்ப்யூட்டரில் கிடந்த ஒலிக்கோப்பைத் துடைப்பத்துக்குள் வைத்ததற்குப் பிளேடுக்கு இரண்டு நிமிஷம்தான் பிடித்தது.

"இந்த இனிய வேளையிலே, உங்கள் முன் நிற்பதில்..."

மேனேஜர் ஸ்பீக்கரைப் பிடுங்கினார், மவுஸைக் குத்தினார், திரையைக் கையால் மறைத்தார். குரல் நிற்கவில்லை. பக்கத்து அறைக் கதவு திறந்தது. கீழே இறங்கிப் போனதாக அவர் நினைத்தவர்களில் மூன்று பேர் அங்கிருந்துதான் வந்தார்கள். புரூஃப் மேடம், முதலாளியம்மா, ஆபரேட்டர். அவர்களுக்குப் பின்னால் இன்ஸ்பெக்டர். மூன்றே முக்காலுக்கே வந்தவரை மேனேஜர் கண்ணில் படாமல் அந்த அறையில் உட்கார வைத்திருந்தாள் மேடம். ஹாரனை அடித்தது அவருடைய டிரைவர்.

"பெருமகிள்ச்சி அடைகிறேன் சார்!" என்று பேச்சை முடித்து வைத்தபடி பிளேடு அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தான்.

மேனேஜர் சாமர்த்தியசாலி. ஒரு நொடியில் முகத்தைச் சரிசெய்துகொண்டார். "நான்... நான் அந்தப் பையனுக்காகத்தான் செஞ்சேன். இந்த ரிப்போர்ட் வெளிய வந்தா கயிறு பத்தி அவன் ஒண்ணுமே எழுதலைன்னு நிரூபணம் ஆயிடும். பாவம், இந்தம்மா அழறதைப் பார்க்க முடியல."

ஒரு கணம் பிளேடே நம்பிவிட்டான். இன்ஸ்பெக்டர்கூடத் தலையை லேசாக ஆட்டினார். ஆபரேட்டரின் கை மேஜை விளிம்பை இறுக்கிப் பிடித்தது.

"சரி" என்றாள் புரூஃப் மேடம். "அந்தப் பையன் மேல அவ்வளவு பரிதாபம். நேத்து சாயங்காலம் அவனைப் பிடிச்சுக் குடுத்தது யார் கையெழுத்து?"

"அது... கடமை."

"அவன் எழுதவே இல்லைன்னு நீங்க சொன்னதுக்கு ஒரே சாட்சி இந்த முப்பத்தாறு பேப்பர்தான். உங்க பக்கத்து சாட்சி. நேத்து அது காணோம்னு சத்தம் போட்டு, ஒரு பொம்பளையைத் திருடி மாதிரி வெளிய அனுப்பினது நீங்க. இன்னைக்கு அதே பேப்பர் கிடைச்சிடுச்சு. நீங்க சந்தோஷப்படணுமே சார்? உங்க வார்த்தையைக் காப்பாத்துற பேப்பரை நீங்களே ஏன் துடைக்க வந்தீங்க?"

மேனேஜர் கதவைத் திரும்பிப் பார்த்தார். 

பிளேடு குனிந்து முதல் கோப்பைத் திறந்து காட்டினான். ஸ்கேன் செய்த உள்ளங்கை ஒன்று திரை முழுக்க விரிந்தது. இரண்டாவதிலும் அதே உள்ளங்கை. "மொத்தம் முப்பத்தாறு. எல்லாம் என் கைதான் சார். ஆயுள் ரேகை கொஞ்சம் கம்மியா இருக்கு, அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

தன்னை விழ வைத்தது வெறும் கை என்று தெரிந்ததும் மேனேஜர் ஸ்டூலில் சரிந்து உட்கார்ந்துவிட்டார். விழா மேடைக் குரல் எங்கோ போய்விட்டது. "மூணு தடவை எழுதினான்" என்றார் தரையைப் பார்த்து. "கயிறு மாத்தணும்னா லிஃப்டை ரெண்டு நாள் நிறுத்தணும். நிறுத்தினா அந்தக் கட்டடத்துக்காரங்க போன் போட்டுக் கத்துவாங்க. அடுத்த மாசம் பார்த்துக்கலாம், அடுத்த மாசம் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன். விழும்னு நினைக்கல."

"அவன் நினைச்சானே" என்றார் முதலாளியம்மா.  தானும் அந்த ரிப்போர்ட்டுகளில் ஒன்றைக்கூடப் பிரித்துப் பார்த்ததில்லை என்பது அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

ஆபரேட்டர் இன்ஸ்பெக்டரின் பக்கம் திரும்பிக் கைகூப்பினாள். "சார், என் தம்பியை விட்டுடுவீங்கல்ல?"

இன்ஸ்பெக்டர் தன் ஃபைலைத் திறந்தார். அவருடைய தயக்கம் பிளேடுக்குப் புரியவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றல்லவா நினைத்திருந்தான்?

"இன்னைக்குக் காலையில உங்க தம்பி எழுதிக் குடுத்தார்மா" என்றார் இன்ஸ்பெக்டர், ஒரு தாளை நீட்டி. "இதுல உங்க வாக்குமூலத்தையும் சேர்த்துக்கிட்டு நாலு மணிக்கு எல்லாத்தையும் முடிச்சுடலாம்னுதான் வந்தேன்."

ஆபரேட்டர் படித்தாள். படிக்கப் படிக்க அவள் முகம் வெளுத்தது. பிளேடு அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். 'என் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. நான்தான் போனில் கூப்பிட்டு அழிக்கச் சொன்னேன். கயிற்றை நான் சோதிக்கவே இல்லை. அதைப் பற்றி ரிப்போர்ட் எதுவும் எழுதவில்லை. முழுத் தப்பும் என்னுடையது.' அடியில் கையெழுத்து.

"இது பொய் சார்! அவன் எனக்கு போனே பண்ணல!"

"இப்ப எனக்கும் தெரியுதும்மா." இன்ஸ்பெக்டர் தன் போனை எடுத்து ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, இரண்டு வார்த்தை பேசி, ஸ்பீக்கரைப் போட்டு மேஜையில் வைத்தார். "பேசுங்க. லைன்ல இருக்கார்."

"அக்கா?" என்றது ஒரு களைத்த குரல். "உன்னையும் பிடிச்சுட்டாங்களா? நான்தான் எழுதிக் குடுத்துட்டேனே!"

ஆபரேட்டருக்கு அழுகையும் கோபமும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தது. "லூசு! லூசு! மூணு தடவை உண்மையை எழுதினவன், நாலாவது தடவை ஏன்டா பொய்யை எழுதினே?"

 அந்தப் பக்கம் யாரோ நாற்காலியை இழுக்கிற ஓசை கேட்டது.

"உண்மையை எழுதினப்ப ஒருத்தரும் படிக்கலக்கா" என்றான் தம்பி. "இதை மட்டும் உடனே படிச்சாங்க."

ரெக்கார்டு அறையில் யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை மேஜையிலிருந்து எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டு, ஆபரேட்டரிடமே கொடுத்தார்.